ஒன்றும் செய்யக் கூடாத தெரு

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் மூன்று: நெருப்பு, சக்கரம், எங்கள் கல்லூரியின் இளநிலை சமுதாய உளவியல் பாடத்திட்டம். முதல் இரண்டும் வடசென்னைக்கு வேண்டிய மட்டும் வந்து சேர்ந்துவிட்டன. மூன்றாவதைக் கொண்டு சேர்க்கும் பெரும்பொறுப்பு எங்கள் துறையின் தலையில் விழுந்தது. துறை என்றால் இருவர். துறைத்தலைவர் முனைவர் அருள்நாதன். அவருக்கு அடுத்த நிலையில், அதாவது கடைசி நிலையில், உதவிப் பேராசிரியனாகிய நான்.

"சமுதாயத்தை வகுப்பறையில் படிக்கக் கூடாது. சமுதாயத்துக்கே போய்ப் படிக்க வேண்டும்" என்று தலைவர் முழங்கினார். முழங்கிவிட்டு ஏசியைக் கொஞ்சம் கூட்டிவைத்தார். மாணவர்கள் புறப்பட்டார்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்த களம் திருவொற்றியூரில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டிய இரண்டு தெருக்கள்: சங்குத் தெரு, வலைக்காரத் தெரு. 'கடல்தென்றல்' என்ற சரக்குக் கிடங்குக்குள் நுழைவதற்காகக் கன்டெய்னர் லாரிகள் அங்கே நாள் கணக்கில் நிற்கும். சாலையின் பெயர் எக்ஸ்பிரஸ். லாரிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்பதால் இரண்டு தெருக்களின் வாய்களும் அடைபட்டுக் கிடந்தன. ஆட்டோ உள்ளே வராது. ஹாரன் சத்தத்தில் தூக்கம் வராது. இவ்வளவு உயர்தரமான மன அழுத்தம் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. தலைவர் நெகிழ்ந்துபோனார். ஆய்வுச் செலவைக் 'கடல்தென்றல்' நிறுவனமே ஏற்றுக்கொண்டபோது இன்னும் நெகிழ்ந்தார்.

திட்டம் எளிது. சங்குத் தெரு 'பரிசோதனைக் குழு'. அங்கே தினமும் மூச்சுப் பயிற்சி. வலைக்காரத் தெரு 'கட்டுப்பாட்டுக் குழு'. அங்கே ஒன்றும் செய்யக் கூடாது. பிறகு இரண்டு தெருக்களிலும் எடுத்த 'மாதிரி'களின், அதாவது சாம்பிள்களின், மன அழுத்தத்தை அளந்து ஒப்பிட வேண்டும்.

வலைக்காரத் தெருவுக்கு ரமாபாய் நியமிக்கப்பட்டாள். வியாசர்பாடி வாரியக் குடியிருப்பிலிருந்து வரும் மூன்றாம் ஆண்டு மாணவி. பாடப்புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் கெட்ட பழக்கம் உள்ளவள்.

"சார், 'ஆட்களைத் திருத்தாதே, அவர்கள் வாழும் சூழலைத் திருத்து'ன்னு புத்தகத்துல முதல் பாடத்துலயே இருக்கே?" என்று கேட்டாள்.

"அது தேர்வுக்கும்மா" என்றார் தலைவர். "நீதான் இந்தப் பரிசோதனையின் முதுகெலும்பு. அதனால அசையக் கூடாது."

அவள் போய் அசையாமல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் தெருமுனையில் பட்டம்மாளின் இட்லிக் கடை வாசல். பட்டம்மாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, தெனமும் வந்து குந்திகினு கீறே?"

"ஒண்ணும் செய்யாம இருக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்கக்கா."

"அதுக்குத்தான் கவுன்சிலரு கீறாரே. நீ வேறயா?"

பட்டம்மாளின் மகள் மதிக்கு அது நிறைமாதம். இடுப்பு வலி எடுத்தால் லாரிகளைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவது என்ற கவலையில் பட்டம்மாள் தினமும் ஏதாவதொரு டிரைவருடன் சண்டை போட்டார். அன்றைக்கு மாட்டியவர் வண்ணாரப்பேட்டை ஹுமாயூன். இரண்டு பேரும் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரமாபாய் யோசித்தாள். தெருவுக்குத்தான் ஒன்றும் செய்யக் கூடாது. லாரிக்காரர் தெருவில் சேர்த்தி இல்லையே? வினாத்தாளை எடுத்துக்கொண்டு போய் ஹுமாயூன் முன்னால் நின்றாள்.

"அண்ணா, ஒரு கேள்வி. 'கடந்த வாரத்தில் உங்களால் எதையும் கட்டுப்படுத்த முடியவில்லை என்று உணர்ந்தீர்களா?'"

ஹுமாயூன் அவளையே பார்த்தார். "எதயும் வுடு தங்கச்சி. ஒண்ணுக்கே கட்டுப்படுத்த முடில. வண்டிய வுட்டு எறங்கினா பின்னால வர்றவன் பூந்துருவான். குளிச்சு எத்தினி நாளாச்சு தெர்மா? நான் மட்டும் ஆசப்பட்டா இந்தம்மா வூட்டு வாசல்ல நிக்கிறேன்?"

பட்டம்மாள் கத்துவதை நிறுத்தினார். "யோவ் பாய், இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பின்னால பாத்ரூம் கீது. தண்ணி கீது. போய்க் குளி, போ. நான் வண்டிய பாத்துக்கறேன்."

"அப்போ நான் இன்னா பண்ணணும்?"

"என் பொண்ணுக்கு ஒரு ஆட்டோ வர்ற அளவுக்கு வழி வுடு. போதும்."

விஷயம் அவ்வளவுதான். ஹுமாயூன் தோஸ்துகளுக்குப் போன் போட்டார். வலைக்காரத் தெருமுனையில் வழி விட்டு நிற்பவருக்குக் குளியல் உண்டு என்ற செய்தி வரிசையின் கடைசி லாரி வரை போனது. அதற்குப் பிறகு எந்த லாரியும் அந்த முனையை அடைக்கவில்லை. அடுத்த வாரம் மதிக்கு வலி எடுத்தபோது ஆட்டோ நேராக வாசலுக்கே வந்தது. டிரைவர்கள் ஹாரன் அடிக்காமல் கையசைத்து வழியனுப்பினார்கள். பெண் குழந்தை. ரமாபாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதாளாம். ஆய்வாளர் அழலாமா என்பது குறித்துப் பாடத்திட்டத்தில் எதுவும் சொல்லப்படவில்லை.

இதற்கிடையே சங்குத் தெருவில் பயிற்சி சீரும் சிறப்புமாக நடந்துகொண்டிருந்தது. "ஆழ்ந்து இழுங்கள், நிறுத்துங்கள், விடுங்கள்" என்று மாணவர்கள் சொல்ல, எஞ்சின் அணையாத லாரிகளின் பக்கத்தில் நின்று மக்கள் ஆழ்ந்து இழுத்தார்கள். இருமினார்கள். அதை 'உணர்ச்சி வெளிப்பாடு' என்று பதிவுசெய்தோம்.

முடிவுகள் வந்தன. சங்குத் தெருவில் மன அழுத்தம் ஏறியிருந்தது. ஒன்றும் செய்யாத வலைக்காரத் தெருவில் சரிந்து விழுந்திருந்தது. தலைவர் தண்ணீர் குடித்தார்.

"நாம எதுவுமே செய்யலையே, எப்படிக் குறையும்?"

ரமாபாய் நடந்ததைச் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள், பாவம்.

"ஒரு தெருவையே கெடுத்துட்டியேம்மா!" என்றார் தலைவர்.

ஆனால் அறிவியல் மனம் தளராது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு அவர் திறந்தபோது அதில் ஒளி இருந்தது. "தெருவை மாத்துறதுதான் கஷ்டம். தெருப் பேரை மாத்தலாமே?" என்றார். மாற்றினோம். மூச்சுப் பயிற்சி பெற்றது வலைக்காரத் தெரு என்றும், ஒன்றும் பெறாதது சங்குத் தெரு என்றும் கட்டுரை செம்மையுற்றது. நான்தான் தட்டச்சு செய்தேன். ஒப்படைத்த 'ஒன்றுமில்லை'யை ஒழுங்காகச் செய்து முடிக்கத் தவறிய ரமாபாய், களப்பணித் தாளில் தோல்வியுற்றாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

கட்டுரை கருத்தரங்கில் கைதட்டல் வாங்கியது. 'கடல்தென்றல்' நிறுவனம் கேடயம் கொடுத்தது. அதன் மேலாளர் ஞானதுரை மேடையிலேயே கண்கலங்கினார். "மூச்சுப் பயிற்சியே போதும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது. இனிமேல் வலைக்காரத் தெருமுனையில் லாரிகளுக்கு நடுவே அந்த இடைவெளி எதற்கு?" என்று கேட்டார். மறுநாள் காவலாளிகள் வந்து தெருமுனையில் லாரிகளை ஒட்டி ஒட்டி நிறுத்த வைத்தார்கள். வழி விட்ட வண்டிக்கு வரிசையில் இடம் போய்விடும் என்றார்கள். ஒரு கல்லூரி ஆய்வு இவ்வளவு விரைவாகச் செயல்வடிவம் பெற்றதை இந்த நாடு கண்டதில்லை.

சில நாள் கழித்து ரமாபாய் எங்கள் அறைக்கு வந்தாள். கூடவே பட்டம்மாள்.

"குழந்தைக்கு ஜுரம் சார். ஆட்டோ உள்ள வரல. மதி குழந்தையத் தூக்கிக்கிட்டு லாரிக்கு அடியில புகுந்து வந்துச்சு" என்றாள் ரமாபாய்.

"வருத்தமான தரவு" என்றார் தலைவர்.

பட்டம்மாள் அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "சாரு, எங்க தெருவுல நீ மூச்சுப் பயிற்சி நடத்தினியாமே? ஷீல்டெல்லாம் குட்த்தாங்களாமே? நாங்கதான் பாக்கவே இல்ல. மறுபடியும் ஒருவாட்டி வந்து நடத்து."

தலைவர் முகம் மலர்ந்தது. மக்களே தேடி வந்து கேட்கிறார்கள்! "தாராளமா வரேம்மா. எங்க வெச்சுக்கலாம்?"

"தெருமுனையிலதான். லாரிக்கும் லாரிக்கும் நடுவுல நீயும் இந்த சாரும் நின்னுக்கோங்க. காலையிலேந்து பொழுது சாயற வரைக்கும். படிச்ச மனுசங்க நின்னா வண்டிய ஒட்ட மாட்டானுங்க. ஆட்டோ வந்து போவும். நீங்க பாட்டுக்கு மூச்ச இழுத்துகினு இருங்க."

தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அங்கயா? அந்தப் புகையில மனுஷன் எப்படிம்மா மூச்சு விடுவான்?"

பட்டம்மாள் அவரையே பார்த்தார். "அப்போ நாங்க இன்னா சாரு?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கட்டுரையைப் புரட்டினேன். அதில் எந்த இடத்திலும் 'மனிதர்' என்று இல்லை. 'மாதிரி' என்றுதான் போட்டிருந்தோம்.