துரை உதிர்த்த ரோமமும் அரசுத் தரப்புச் சாட்சியும்

ஏப்ரல் 28

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கு நீங்கள் நலமாக இருப்பதை என் மகள் தொலைபேசியில் தெரிவித்துவிட்டதால், அதைத் தனியே விசாரித்து உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. என் முறையீடுகள் பின்வருமாறு:

1. மார்ச் 3: "பூனை மாதிரி சுத்தம் மாமா, இருக்கிற இடமே தெரியாது" என்ற உத்தரவாதத்துடன், ஷிபா இனு என்னும் ஜப்பானிய இனத்தைச் சேர்ந்த பத்து மாத நாயொன்றை என் வீட்டில் விட்டுச் சென்றீர்கள். முடி என்ற சொல் அன்று உங்கள் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை.

2. மார்ச் 19: அதன் தொடையைத் தடவினேன். தொடை அங்கேயே இருந்தது. ரோமம் என் கையோடு வந்துவிட்டது.

3. மார்ச் 22: உங்கள் மாமியாரின் கையில் சீப்பைக் கண்டதும் அது எழுப்பிய அலறலைக் கேட்டு, நான் மனைவியை அடிக்கிறேன் என்று முடிவுகட்டிய கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். கதவைத் திறந்தவர் உங்கள் மாமியார். முழுசாக நின்ற அவரைக் கண்டு கீழ்வீட்டுக்காரர் சற்று ஏமாந்ததாகவே எனக்குப் பட்டது.

4. ஏப்ரல் 17: நீதிமன்றத்தில், சாட்சிக் கூண்டில் வைத்து, என் மானம் கப்பலேறியது.

இனி விவரம். தடயவியல் ஆய்வகத்தில் முடி, நார் ஆகியவற்றை ஆராயும் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகளாக இருப்பவனுக்கு நாய் முடி உதிர்க்கும் என்பது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் வரும் முடிகள் ஒன்றொன்றாக, உறையிலிட்டு, முத்திரையிட்டு வருபவை. நுண்ணோக்கியின் கீழ் வாய்மூடிப் படுத்திருப்பவை. கூட்டமாக எழுந்து சோபாவுக்கும் சாம்பாருக்கும் நடமாடும் முடிகளோடு எனக்கு முன்பின் பழக்கமில்லை. கொத்துக் கொத்தாக வருவதைக் கண்டு ஏதோ கொடிய நோய் என்று பதறி, துரையை (உங்கள் மாமியார் வைத்த பெயர், அது சோபாவில் உட்காரும் தோரணையைப் பார்த்து வைத்தார்) போர்வையில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் துரையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இந்த இனத்துக்கு மேலே முரட்டு ரோமம், அடியில் பஞ்சு ரோமம் என்று இரண்டு அடுக்கு உண்டென்றும், பருவம் மாறும்போது அடியடுக்கு மொத்தமாகக் கழன்றுவிடும் என்றும், குட்டிப் பருவம் முடிந்து வரும் முதல் உதிர்வு ஆளையே மூழ்கடிக்கும் என்றும் விளக்கினார். "வியாதி இல்ல சார், சீசன். மொட்டை மட்டும் அடிச்சிடாதீங்க. தினமும் சீவி விடுங்க, போதும்," என்றார்.

அன்று முதல் தினமும் காலையில் பால்கனியில் சீவுகிறேன். ஒரு நாய் அளவுக்கு ரோமம் வருகிறது. ஆனால் நாய் அப்படியே மிச்சமிருக்கிறது. உங்கள் மாமியார் சீவப் போனால் அலறுகிறது, வேலைக்கார அம்மா போனால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறது, என்னிடம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மோவாயை என் முழங்காலில் வைத்து நிற்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, புகாராகவே பதிவுசெய்கிறேன். வீட்டில் முறையிட்டால், "நாய்க்குக் கொட்டாம உங்களுக்கா கொட்டும்? உங்களுக்குக் கொட்ட வேண்டியதெல்லாம் கொட்டியாச்சே," என்று பதில் வருகிறது. இந்த அம்மையார்தான் துரையின் போர்வையையும் என் ஆய்வக வெள்ளை மேலங்கியையும் ஒரே இயந்திரத்தில் ஒன்றாகப் போட்டுத் துவைத்துவந்தார் என்பது எனக்குக் காலம் கடந்தே தெரிந்தது.

இந்த நிலையில்தான் ஒரு கடிகாரக் கடைத் திருட்டு வழக்கு என் மேசைக்கு வந்தது. கடைக்குள் கிடந்த ஒரு கையுறை. சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட லிஃப்ட் மெக்கானிக்கின் ஸ்வெட்டர். இரண்டையும் ஆராய்ந்தேன். இரண்டிலும் செம்பழுப்பு நிற நாய் ரோமம், ஈரடுக்கு, ஒரே நாயினுடையது. கடைக்காரரிடமும் நாயில்லை, மெக்கானிக்கிடமும் நாயில்லை; ஆகவே இரண்டு பொருளுக்கும் பொதுவான மூன்றாவது இடமொன்று உண்டு, அங்கே கையுறையும் ஸ்வெட்டரும் சந்தித்திருக்கின்றன என்று நிறுவி அறிக்கை எழுதினேன். என் பணிக்காலத்தின் மிக நேர்த்தியான அறிக்கை அது. அந்த மூன்றாவது இடம் என் மேசை என்பது மட்டும் அதில் விடுபட்டிருந்தது. அதன் பேரில் அந்த மனிதர் காவலில் வைக்கப்பட்டார்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்த வக்கீல் அம்மாவுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். என் தகுதிகளை எல்லாம் மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டு, "உங்க வீட்ல நாய் இருக்கா சார்?" என்றார். தற்காலிகமாக இருக்கிறது என்றேன். நிறத்தைக் கேட்டார். செம்பழுப்பு என்றேன்; என் அறிக்கையில் இருந்த அதே சொல். அவர் நீதிபதியிடம் அனுமதி பெற்று, கூண்டருகே வந்து, என் கோட்டின் தோளிலிருந்து எதையோ இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யாரு முடின்னு சொல்ல முடியுமா சார்? நீங்கதானே நிபுணர்."

என் தலையைப் பார்த்த மாத்திரத்தில், அது என்னுடையதல்ல என்பதை நீதிமன்றம் எந்த நிபுணரின் உதவியுமின்றித் தெரிந்துகொண்டது. நீதிபதி ஏதோ ஒரு தாளை முகத்துக்கு நேரே தூக்கி வெகுநேரம் படித்தார். மெக்கானிக் விடுவிக்கப்பட்டார். வெளியே போகும் வழியில் என் பக்கத்தில் நின்று, "எங்க வீட்ல நாயே இல்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" என்றார்.

அன்று மாலை உங்களை அழைத்து நடந்ததைச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு அதை இருமல் என்றீர்கள். இருமலுக்கும் சிரிப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை.

மே 12 அன்று துறை விசாரணை. நாய் என் வீட்டுக்குள் வந்த நாளுக்குப் பிந்தைய அறிக்கைகள் அனைத்தும் மறு ஆய்வுக்குப் போகின்றன, அது நியாயமே. அதற்கு முந்தையவை நிற்க வேண்டுமானால், நாய் வந்த நாளை அதன் உரிமையாளர் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். இல்லையேல் என் இருபத்தேழு ஆண்டு உழைப்பும் சீப்பில் சிக்கிய ரோமம்தான். ஆகவே: முதலாவதாக, மார்ச் 3-க்கு முன் அந்த நாய் என் வாசற்படியை மிதித்ததில்லை என்று எழுதித் தாருங்கள். இரண்டாவதாக, விசாரணைக்கு முன்பே அதை இங்கிருந்து அழைத்துச் செல்லுங்கள்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும், உறவுமுறை கருதி, அவ்வாறே.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் என் மகள் அழைத்தாள். "அப்பா, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறோம், நீங்க கவலைப்படாதீங்க," என்றாள். அதன்பின் ஒப்பீட்டு மாதிரிகள் (தடயத்தோடு ஒத்துப்பார்க்க எடுத்துவைக்கும் முடிகள்) பற்றிய துறை விதிகளை எடுத்து நிதானமாகப் படித்தேன். உதிரும் பருவத்து ரோமம், வளரும் பருவத்து ரோமம், முதிர்ந்த ரோமம் ஆகிய அனைத்தும், ஒரே கையால், ஒரே இடத்தில், தொடர்ந்து சேகரிக்கப்பட வேண்டுமென்றே அவற்றை நான் பொருள்கொள்கிறேன். இந்த நாய் இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் உதிர்க்கும் என்கிறார் மருத்துவர். இந்நிலையில் துரையை இங்கிருந்து நகர்த்துவது தடயத்தில் கைவைப்பதாகும். எனவே இரண்டாவது கோரிக்கை ரத்து. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரலாம், சாப்பிடலாம், கூடையும் கயிறும் கொண்டுவரக் கூடாது. இதற்கு உங்கள் சம்மதத்தை, என் மகளின் கையொப்பத்தையும் சேர்த்து, எழுத்து மூலமாக மே 2 மாலை ஐந்து மணிக்குள் அனுப்பிவைக்கவும்.