மருதாசலம் மோட்டார்ஸ் காலண்டர்

கல்யாணமான ஆம்பளைக்கு மானம் இரண்டு இடத்தில் இருக்கிறது. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. வீட்டில் இருந்தது எனக்கு எப்போதோ போய்விட்டது. கடையில் இருந்ததைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மருதாசலம் மோட்டார்ஸ் என்றால் வெண்ணந்தூர் வரைக்கும் தெரியும். மருதாசலம் நான்தான். கிணற்று மோட்டார் விற்பேன், ரிப்பேர் பார்ப்பேன். ஓய்ந்த நேரத்தில் குடும்பப் பஞ்சாயத்தும் பார்ப்பேன். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் நேரே என் கடைக்குத்தான் வருவார்கள்.

"ஆம்பளைன்னா ஒரு அதட்டல் வேணுமப்பா. என்ற ஊட்டுல நான் தொண்டையைக் கனைச்சாப் போதும், அடுப்பே அணைஞ்சு போகும்" என்பேன்.

அடுப்பு அணைவது நிஜம். அடுப்பை அணைத்துவிட்டு "அங்க என்னங்க சத்தம்?" என்று வசந்தாமணி வெளியே வருவாள். "ஒண்ணுமில்ல, சளி புடிச்சிருக்குது" என்பேன். இது ஊருக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நான் சிங்கம்.

வசந்தாமணி என் மனைவி. மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவள். பெண் பார்க்கப் போனபோது "பொண்ணு நல்லாப் படம் போடும்" என்றார்கள். கோலத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் தலையாட்டிவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு, கூடப் படித்த சௌந்திரத்தோடு சேர்ந்து சேலத்தில் ஒரு அச்சகத்து மாடியில் அறை பிடித்தாள். இரண்டு பேரும் புதுசு புதுசாக எதையாவது செய்து விற்பார்கள். ஜவ்வரிசி மூட்டைச் சாக்கில் தோள்பை தைத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு போன காலேஜ் பெண்ணின் பின்னாலேயே ஒரு ஆலைக்காரர், தன் மூட்டைதான் திருடு போய்விட்டதோ என்று அரை மைல் போனாராம். அடுத்து பொங்கல் வாழ்த்து அட்டை. பானை இல்லை, கரும்பு இல்லை, மாடு இல்லை. பொங்கல் முடிந்து மலைபோல் குவிந்த பாத்திரத்தை ஒருத்தி விளக்கிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் படம். எவன் வாங்குவான் என்று சிரித்தேன். எவளெவளோ வாங்கிவிட்டார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷக் கடைசியில் சிவகாசி ஏஜெண்டு காலண்டர் மாதிரிகளோடு கடைக்கு வரும் நேரம். வசந்தாமணி சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, இந்த வருஷம் உங்க கடைக் காலண்டரை நாங்களே போட்டுத் தர்றமுங்க."

"படம் என்ன படம்?"

"மாசம் ஒரு படம். புதுசா இருக்குமுங்க."

"என்ன கண்றாவியோ போட்டுக்க. கடை பேரு கொட்டை எழுத்துல இருக்கோணும். அவ்வளவுதான்."

"இருக்குமுங்க. தூரத்துல இருந்தே தெரியறாப்பல."

கொட்டை எழுத்து கிடைத்த சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன். படத்தைக் காட்டு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பத்து நாள் கழித்து, வரைந்து முடித்த படங்கள் மேஜை மேல் பரப்பிக் கிடந்தன. ஜனவரியில் ஒரு ஆள் காலி டம்ளரை ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் பயபக்தியோடு நிற்கிறான். மார்ச்சில் அதே ஆள் கொடியில் சேலை காயப்போடுகிறான், எவனாவது பார்க்கிறானா என்று தெருவை எட்டிப் பார்த்தபடி. ஜூனில் கடையில் நெஞ்சை நிமிர்த்தி யாரையோ அதட்டுகிறான். ஜூலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறான், நெஞ்சும் கூடவே கழன்றுவிட்டது. செப்டம்பரில் உரல் மேல் ஏறி நின்று அலறுகிறான், கீழே கரப்பான் பூச்சி. ஒவ்வொரு படத்தின் கீழும் தூரத்திலிருந்தே தெரிகிறாற்போல 'மருதாசலம் மோட்டார்ஸ்'.

செப்டம்பரைக் கையில் எடுத்தேன்.

"ஏம்புள்ள, யாரு இது?"

"சும்மா ஒரு ஆளுங்க. பொதுவா ஒரு ஊட்டுக்காரர்."

"மீசை என்ற மீசை மாதிரி இருக்குது?"

"மீசை நாட்டுல எல்லாருக்குந்தானுங்க இருக்குது."

"பாக்கெட்டுல டெஸ்டர் சொருகியிருக்கறானே!"

"மோட்டார் கடைக் காலண்டருங்களே. பின்ன கத்திரிக்காயவா சொருகுவாங்க?"

"கரப்பானுக்குப் பயந்து உரல் மேல ஏறி நிக்கறான்!"

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க கரப்பானைக் கண்டா உரல் மேல ஏறுவீங்களா?"

"நானா? சேச்சே!"

"சேலை காயப்போடுவீங்களா?"

"நானாவது சேலையாவது!"

"அப்பறம் அது எப்படீங்க நீங்களாகும்?"

மாட்டிக்கொண்டேன். அது நான்தான் என்று சண்டை போட்டால் அத்தனையும் ஒப்புக்கொண்ட மாதிரி. நானில்லை என்றால் அச்சுக்குப் போய்விடும். இத்தனைக்கும் உரல் மேல் ஏறியது ஒரே ஒரு தடவை. மற்றபடி கட்டில்தான். அதைச் சொல்லி வாதாட முடியுமா?

இரண்டு நாள் இதே நினைப்பு. இந்தக் காலண்டர் வெளியே போனால் என் பஞ்சாயத்தெல்லாம் என்ன ஆகும்? எவன் என் அதட்டலுக்கு மதிப்புக் கொடுப்பான்? மூன்றாம் நாள் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும்போது பளிச்சென்று ஒரு யோசனை. சாமி! எங்கள் பக்கத்தில் சாமி இல்லாத காலண்டரை எவனும் சுவரில் மாட்டமாட்டான். அவள் போட்ட படங்களில் எறும்பளவுக்குக்கூட ஒரு சாமி இல்லை. அதை வைத்தே அச்சைத் தடுத்துவிடலாம்.

என் பெரியப்பா அப்புசாமியை டீக்கடையில் பிடித்தேன். கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர், ஊரில் அவர் சொன்னால் எடுபடும். போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

"பெரியப்பா, நாளைக்கு ஊட்டுக்கு வந்து ஒரு சத்தம் போடுங்க. சாமி இல்லாத காலண்டர் குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விட்றாதீங்க."

"நான் எதுக்கப்பா சொல்றேன்? இன்னொரு போண்டா சொல்லு."

மறுநாள் காலையில் வந்துவிட்டார். நான் உள்ளே துணி மடிக்கிற சாக்கில் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அம்மிணி, நீ போடற காலண்டர்ல சாமியே இல்லையாமே?"

"யாருங்க மாமா சொன்னது?"

"ஊரே பேசுது!"

"இன்னும் அச்சே ஆகலீங்களே மாமா."

பெரியப்பா இருமினார். வசந்தாமணி உள்ளே போய்க் காப்பியும் ஒரு தட்டு நிறைய வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கச்சாயம் நெம்ப நல்லாருக்குது அம்மிணி. மருதன் எனக்கு வாங்கிக் குடுத்தது வெறும் போண்டாதான்."

"அப்படீங்களா? எதுக்குங்க வாங்கிக் குடுத்தாரு?"

அவ்வளவுதான். டீக்கடையில் நான் சொன்னது எல்லாம் ஒரு எழுத்து விடாமல் வந்துவிட்டது. கடைசியில் அவரே வருத்தப்பட்டார். "'சத்தம் போடுங்க'ன்னான் அம்மிணி. கச்சாயத்தை வாயில வெச்சுக்கிட்டு எங்கிருந்து சத்தம் போடறது? ஆமா, அப்படி என்னதான் படம் போட்டிருக்கறே?"

காட்டினாள். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்து புரையேறி, வசந்தாமணி தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

"அடேயப்பா! இந்த உரல் மேல நிக்கற நிப்பு இருக்குதே, அச்சு அசலா..."

"யாரு மாதிரிங்க மாமா?"

பெரியப்பா கதவுப் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கும்படி சொன்னார். "பொதுவா ஒரு ஊட்டுக்காரன் மாதிரி."

"ஆனாலும் பெரியவங்க சொல்றது நாயந்தானுங்க மாமா. சாமி இல்லாம எப்படி ஒருத்தர் மாட்டுவாங்க?"

அங்கேயே பென்சிலை எடுத்தாள். ஒவ்வொரு மாதத்தின் மூலையிலும் ஒரு மாடம் வரைந்து அதில் ஒரு சின்னப் பிள்ளையாரை உட்கார வைத்தாள். பிள்ளையார் தொந்தியைப் பிடித்துக்கொண்டு அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கிறார். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் போல என் கடையில் என்றைக்கும் கூட்டம் வந்ததில்லை. "மோட்டார் என்னாச்சுங்க?" என்றால், "மோட்டார் நல்லா ஓடுது, காலண்டர் ஒண்ணு குடுங்க" என்றார்கள். வாழப்பாடியிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். மோட்டாரே இல்லாதவன், கிணறே இல்லாதவன் எல்லாம் வந்தான். சௌந்திரம் இரண்டாம் முறை அச்சடித்து அனுப்பினாள்.

மார்ச் மாதம் வேலுசாமியும் அவன் பெண்டாட்டி பாப்பாயியும் கடைக்கு வந்தார்கள். வருஷம் பூராவும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வருகிற ஜோடி. சரி, நமக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன வேலுசாமி, மறுபடி சண்டையா? நான் சொன்னாப்பல அதட்டுனயா இல்லையா?"

"இல்லீங்கண்ணா. சண்டையெல்லாம் தீந்துபோச்சுங்க."

"எப்படி?"

"நீங்களே சேலை காயப்போடறப்ப எனக்கென்னங்கண்ணா வெக்கம்? நானும் போட ஆரம்பிச்சுட்டனுங்க."

"அது நானில்லை வேலுசாமி!"

பாப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆமாங்கண்ணா. பொதுவா ஒரு ஊட்டுக்காரருங்க. அக்கா சொன்னாங்க. அக்கா கையெழுத்துப் போட்டு இன்னொரு காலண்டர் கிடைக்குமுங்களா?"

அதற்குப் பிறகு சண்டைக்காரர்கள் கடைக்கு வருவதில்லை. நேரே வீட்டுக்குப் போனார்கள், வசந்தாமணியைத் தேடி.

நான் பொறுத்துக்கொண்டேன். எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. எந்தக் காலண்டருக்கும் ஆயுசு ஒரு வருஷம். டிசம்பர் கிழிந்தால் அந்த ஆளும் கிழிந்தான். பொங்கலுக்கு எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள், சுவர் சுத்தமாகிவிடும். அதற்கப்புறம் மறுபடி தொண்டையைக் கனைக்கலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன்.

பொங்கல் அன்று பெரியப்பா வீட்டுக்குப் போனேன். நடுவீட்டுச் சுவரைப் பார்த்தேன். பன்னிரண்டு மாதமும் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளையாருக்குக் குங்குமப் பொட்டு. பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் செப்டம்பரில் எனக்கும் ஒன்று.

"பெரியப்பா, என்ன இது? வருஷந்தான் முடிஞ்சு போச்சே!"

"முடிஞ்சா? பிள்ளையார் இருக்கறாரப்பா. சாமி படத்தைக் கிழிச்சு எறியறதா? தேதியை மட்டும் கத்தரிச்சுட்டு ஒட்டியாச்சு. வெள்ளையடிக்க வந்தவன்கூட இந்தச் சுவத்தைத் தொடலை."

"எல்லா ஊட்டுலயும் இப்படித்தானுங்களா?"

"பின்ன? சாமி மட்டும் இல்லாட்டி மார்ச்சுலயே கிழிச்சுப் பேரப்பசங்க புத்தகத்துக்கு அட்டை போட்டிருப்பாங்க. நல்லவேளை, நீ சொன்னே!"

வருகிற வழியில் திறந்திருந்த வீடுகளையெல்லாம் எட்டிப் பார்த்தேன். அத்தனை வீட்டிலும் நான், உரல் மேல். இனி என் பேரன் காலம் வரைக்கும் இறங்க வழியில்லை.

தலையைத் தொங்கப்போட்டு வீட்டுக்கு வந்தேன். வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவர் பளபளவென்று வெறுமையாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் போன வருஷம் பூராவும் அங்கே காலண்டரே மாட்டவில்லை. ஊரெல்லாம் மாட்டியவள் தன் வீட்டில் மட்டும் மாட்டவில்லை! என் மனசு கஷ்டப்படும் என்றுதானே? அவள் மேல் பட்ட கோபமெல்லாம் கரைந்துபோய்விட்டது.

"வசந்தா" என்றேன். குரல் எனக்கே குழைந்து கேட்டது. "நம்மூட்ல மட்டும் அந்தக் காலண்டரை ஏன் புள்ள மாட்டாம உட்டுட்டே?"

பொங்கல் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எதுக்குங்க? இங்கதான் அசலே நடமாடிட்டிருக்குதே."