6.10 பேருந்தின் கேண்ட்சே பாய்

என் நாட்குறிப்பில், ஜூலை மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமைக்கு நேரே இப்படி இருக்கிறது: ‘உச்சிப்புளி வருவதற்குள் பதினொரு கேள்வி. எட்டு சரி. தொண்டை கட்டிவிட்டது.’ மறுநாள் புதன்கிழமைக்கு நேரே: ‘பதினான்கு கேள்வி. நாளை முதல் வெந்நீர் எடுத்துப் போக வேண்டும்.’ ஞாயிறும் பண்டிகையும் நீங்கலாக மூன்று வருடம் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். மற்றவர்களின் நாட்குறிப்பில் மழை வரும், கல்யாணம் வரும், சாவு வரும். என்னுடையதில் கேண்ட்சே பாய்தான் வருகிறார்.

இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே நிலம் முடிகிற இடம் வரைக்கும், யார் எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லாமல் மூன்று வருடம் காலம் தள்ளிய ஒரே மனிதர் அவர். அரசியல்வாதிகளைச் சேர்த்தே சொல்கிறேன். அவர்கள்கூட தேர்தல் நேரத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கிறார்கள்.

நான் அப்போது பாம்பனில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். இராமநாதபுரத்தில் காலை 6.10 பேருந்து ஏறுவேன். அதே பேருந்தில் மண்டபம் வரை வருவார் அவர். மண்டபத்துப் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் சூப்பர்வைசர். கடலிலிருந்து வரும் நண்டை எடை போட்டு, வேகவைத்து, பெண்கள் உட்கார்ந்து சதையை உரித்தெடுத்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. அங்கே மேனேஜர் நாற்காலி காலியாகிவிட்டது. முதலாளி இவரைக் கூப்பிட்டு, “எம்.பி.ஏ. சேர்ந்துட்டேன்னு ஒரு கடிதாசி கொண்டா பாய், நாற்காலி உனக்கு” என்று சொல்லிவிட்டார். மதுரையில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் வகுப்பு ஒன்று இருந்தது. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. நுழைவுத் தேர்வுக்கு ஒரு தலையணைப் புத்தகம்.

பேருந்தில் படித்தால் அவருக்கு வாந்தி வரும். என் மடியில் எப்போதும் ஏதாவது ஒரு புத்தகம் இருப்பதைப் பார்த்து வைத்திருந்தவர், ஒரு திங்கட்கிழமை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, நீங்க வாசிச்சாப் போதும். நான் கண்ணை மூடிக்கிட்டு பதில் சொல்லிருவேன். ஒரு வாரம்தான்.”

அந்த ஒரு வாரம் மூன்று வருடம் ஓடியது.

கேள்விகளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து வரியில் ஒரு பத்தி இருக்கும். அடியில் ஒரு கூற்று. கூற்று உண்மையா, பொய்யா, அல்லது ‘கேண்ட் சே’யா, அதாவது சொல்ல முடியாதா என்று விடை தர வேண்டும். இதில் ஒரே ஒரு சட்டம்: பத்தியில் இருப்பதை மட்டும் வைத்துத்தான் தீர்ப்பு. உனக்கு வெளியே என்ன தெரிந்திருந்தாலும் அதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வர வேண்டும்.

இந்தச் சட்டம் பாய்க்குப் பிடிபட்டது. பேருந்துக்குப் பிடிபடவில்லை. நான் இங்கிலீஷில் வாசித்தால் பின்னாலிருந்து, “தமிழ்ல சொல்லுங்க சார், நாங்களும் இங்கனதான இருக்கோம்” என்று குரல் வரும். வெறும் சட்டியோடு பாம்பனுக்கு மீன் எடுக்கப் போகும் முத்துராக்கு அக்காதான் அது. ஆக ஒவ்வொரு கேள்வியையும் நான் இரண்டு மொழியில் வாசிக்க வேண்டியதாயிற்று. சங்கத்தில் இதற்குத் தனிப்படி கிடையாது.

ஒருநாள் வந்த கேள்வி: ஓர் ஊரில் வியாபாரிகள் எல்லோரும் காலையில் சந்தைக்குப் போகிறார்கள். கமலா காலையில் சந்தைக்குப் போகிறாள். கூற்று: கமலா ஒரு வியாபாரி.

“சொல்ல முடியாது” என்றார் பாய், கண்ணைத் திறக்காமல்.

“ஏன் சொல்ல முடியாது?” என்றார் முத்துராக்கு அக்கா. “கருக்கல்ல எந்திரிச்சு சந்தைக்கு வேடிக்கை பாக்கவா போவா? கையில சட்டி இருந்துச்சான்னு பாருங்க சார்.”

“சட்டியைப் பத்தி ஒண்ணும் எழுதலக்கா.”

“அப்ப எழுதுனவன் சரியாப் பாக்கல.”

அன்றைக்கு மண்டபம் வரைக்கும் கமலாதான். கமலாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, புருஷன் என்ன செய்கிறான் என்பதுவரை போய்விட்டது. கண்டக்டர் சில்லறை கொடுப்பதை நிறுத்திவிட்டு, கமலா ஏன் சந்தைக்கு நடந்து போகிறாள், பேருந்து வசதி இல்லையா என்று கேட்டார். பாய் இறங்கிய பிறகு பாம்பன் பாலத்தின்மேல் பேருந்து போகும் அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு நாள் முழுவதற்குமான ஓய்வு.

ஆறு மாதத்தில் நோய் அவருக்கு முற்றிவிட்டது. உங்கள் பக்கம் நேற்று மழையா என்று கேட்டால், “வாசல் நனைஞ்சிருந்துச்சு. மழைன்னு சொல்ல முடியாது” என்பார். ‘கேண்ட்சே பாய்’ என்று பெயர் வைத்தது கண்டக்டர். அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. நானும் எங்கும் குறித்து வைக்கவில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு இது பெரிய குறை.

அவருடைய சாச்சா மகனுக்கு, அதாவது சித்தப்பா பிள்ளைக்கு, பெண் கொடுக்க நினைத்தவர்கள், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க இவரிடமே வந்தார்கள். அஞ்சு வேளை தொழுகிற பிள்ளையா என்று கேட்டிருக்கிறார்கள். “பள்ளிக்குள்ள போறதைப் பாத்திருக்கேன். உள்ள தொழுதாரான்னு சொல்ல முடியாது” என்றிருக்கிறார் இவர். வந்தவர்கள் தேத்தண்ணீரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. சம்பந்தம் நின்றுபோனது. தம்பிக்காரன் ஆறு மாதம் இவர் முகத்தில் விழிக்கவில்லை. தம்பி இன்னும் கோபமாக இருக்கிறாரா என்று பாயிடம் கேட்டேன்.

“பேசுறதில்ல. கோபம்னு சொல்ல முடியாதுண்ணே.”

கம்பெனியில் இன்னும் மோசம். சரக்கு வாங்குகிறவர்கள் அனுப்பிய ஆள் ஒருவர் வந்து, இது இன்று பிடித்த நண்டா என்று கேட்க, “இன்னைக்கு வந்த நண்டு. பிடிச்சது என்னைக்குன்னு நண்டுதான் சொல்லணும்” என்று இவர் பதில் சொன்னாராம். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்வி.

ஆனால் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு காலை, பேருந்தில் ஒருவருடைய செல்போனைக் காணவில்லை. பக்கத்தில் நின்ற வெளியூர்க் கூலியாள் ஒருவரை நாலு பேர் பிடித்துவிட்டார்கள். மொழி தெரியாத மனிதர். சட்டைக் காலர் ஏற்கெனவே கிழிந்திருந்தது. பாய் எழுந்து நடுவில் போய் நின்றார். “பக்கத்துல நின்னாரு, சரி. எடுத்தாருன்னு எப்படிச் சொல்றீங்க? எதுல எழுதியிருக்கு?” என்று, அசராமல், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். பேருந்தே சலித்துப்போய்க் கையை எடுத்துவிட்டது. உச்சிப்புளியில் போன் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. அன்று நாட்குறிப்பில் கேள்வி எண்ணிக்கையை எழுதவில்லை.

இருந்தாலும் மனிதனுக்குப் பொறுமை என்று ஒன்று உண்டு. இரண்டாவது வருடமும் அவர் தேர்வில் தவறி, புதிய பதிப்போடு வந்து நின்றபோது, நான் ஒரு வாரம் 6.40 பேருந்துக்கு மாறிப் பார்த்தேன். முதல் நாளே அவர் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். 6.10-ஐ விட்டுவிட்டாராம். “நீங்க பத்து மணிக்கு வந்தாலும் நிப்பேன்ண்ணே” என்றார். மிரட்டல் இல்லை, வெறும் தகவல். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அதே வாரம், வீட்டில் குழம்புக்கு உப்புச் சரியா என்று என் மனைவி கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் யோசித்திருக்கிறேன். அந்த யோசனை எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியும். “அந்தப் புத்தகத்தைக் கடல்ல போட்டுட்டு வாங்க” என்றாள்.

மூன்றாவது முயற்சி கடைசி முயற்சி என்று ஆகிவிட்டது. இனிமேல் காத்திருக்க முடியாது, இந்த முறையும் கடிதம் வராவிட்டால் வெளியாளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த ஐப்பசி முழுவதும் ஒரு நாளைக்கு இருபது கேள்வி. நான் வெந்நீரோடு கற்கண்டும் கொண்டுபோனேன். பாயும் தேறிவிட்டார். இருபதுக்கு இருபது, சில நாள் பத்தொன்பது. கமலாக்களைப் பற்றி அவரிடம் இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது என்கிற நிலை.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கூண்டு ஏறினால் மீன்துறை டோக்கன் கொடுக்காது, படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பாய் சனிக்கிழமையே மழையில் மதுரைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஏறியவர் புத்தகம் கொண்டுவரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். முத்துராக்கு அக்காதான் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: “என்ன பாய், நல்லா எழுதுனீகளா?”

“எல்லாம் நல்லாத்தான் வந்துச்சுக்கா. ஒண்ணுலதான்.”

அந்த ஒன்றை அவர் சொன்னார். ஒரு துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்றினால் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிக்கப்படும். செவ்வாய்க்கிழமை எச்சரிக்கை ஏற்றப்பட்டது. கூற்று: செவ்வாய்க்கிழமை எந்தப் படகும் கடலுக்குப் போகவில்லை.

எனக்கு ஒரு கணம்கூட வேண்டியிருக்கவில்லை. போகக் கூடாது என்று அறிவித்தார்கள், அவ்வளவுதான் பத்தியில் இருக்கிறது. போனார்களா இல்லையா என்பது இல்லை. சொல்ல முடியாது. மூன்று வருடமாக இந்த மனிதர் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய விடை.

“பொய்யின்னு போட்டுட்டேன்ண்ணே.”

“ஏன் பாய்? பத்தியில அது இல்லையே.”

“பத்தியில இல்ல. இல்லைன்னு தெரிஞ்சுதான் போட்டேன்.” ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். “கூண்டு ஏத்துன அன்னைக்கும் கம்பெனிக்கு நண்டு வருதுண்ணே. நண்டு நடந்தா வருது? முதல் நாள் போட்ட வலையை எடுக்கலைன்னா நண்டும் போச்சு, வலையும் போச்சு. விடியிறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம வள்ளத்துல போயி எடுத்துட்டு வாராங்க. அதை எடை போடுறவன் நான். அவங்க வீட்டுப் பொம்பளைங்கதான் உள்ள உக்காந்து உரிக்குதுங்க. கை உரிச்சுக்கிட்டே இருக்கும், கண்ணு வாசல்ல இருக்கும். போன வாரமும் பாத்தேன். அதுகளைப் பாத்துட்டு வந்து, படகு போச்சான்னு எனக்குத் தெரியாதுன்னு எப்படிண்ணே போடுறது?”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார், ஊதாமல் மறுபடி வைத்துக்கொண்டார்.

“சரியாத்தான் போட்டிருக்கீக” என்றார் முத்துராக்கு அக்கா.

வாசித்தவன் என்கிற முறையில் உண்மையைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. “விடை தப்பு பாய்” என்றேன்.

“தப்புதான்ண்ணே” என்றார் அவர். மண்டபத்தில் இறங்கினார். நான் அந்த முறை பாலத்தின்மேல் ஓய்வெடுக்கவில்லை. வள்ளம் ஏதாவது தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன்.

ஜனவரியில் முடிவு வந்தது. இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு கேள்வியால்தான் போயிற்றா என்பதற்கு ஆதாரம் இல்லை. மதிப்பெண் பட்டியல் எந்தக் கேள்வி தவறு என்று சொல்வதில்லை. மாசி மாதம் தூத்துக்குடியிலிருந்து இளைஞர் ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். “நல்ல பையன்ண்ணே. கணக்கெல்லாம் சுத்தமா வச்சிருக்காரு” என்றார் பாய், உடனே, தயங்காமல். அப்படி ஒரு நேரான பதிலை அவரிடம் கேட்டேன் என்று அன்று நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

மறு வாரம் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். “நாற்காலி போச்சுல்ல, இனி எதுக்குப் பாய்?” என்றேன்.

“நாற்காலி போச்சு. பரீச்சை இருக்குல்ல. வாசிங்கண்ணே.”

வாசித்தேன். ஜூன் மாதம் என்னை முதுகுளத்தூருக்கு மாற்றும் வரைக்கும் வாசித்தேன். அங்கே போகிற பேருந்தில் மிளகாய் மூட்டைகளும் ஆடுகளும் ஏறும். யாரும் என்னை ஒரு வரி வாசிக்கச் சொன்னதில்லை. தொண்டை நன்றாக இருக்கிறது. நாட்குறிப்பில் பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது.

போன மாதம் இராமநாதபுரத்து மீன்கடையில் முத்துராக்கு அக்காவைப் பார்த்தேன். பாய் இப்போதும் 6.10-ல்தான் வருகிறாராம். கண்டக்டர் டிக்கெட் போட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறாராம். இது ஒரே ஆள் சொன்ன செய்தி. நேரில் போய்ப் பார்க்கவில்லை, பாயிடம் போனிலும் கேட்கவில்லை. ஆகவே இதை உறுதிப்படாத தகவலாகவே இங்கே பதிகிறேன். பாய்க்குப் பத்தியை வேகமாக வாசித்தாலும் பரவாயில்லை, கூற்றை மட்டும் இரண்டாம் முறை நிறுத்தி வாசிக்க வேண்டும். இதை அந்தக் கண்டக்டரிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.