திங்கட்கிழமையில் தொடங்கும் வாரம்

நெல்லித்தோப்பில் ஆறு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடியின் மோட்டார் பெட்டிக்கு, எந்த மனிதனுக்கு எப்போது தண்ணீர் தேவை என்பது தெரியும். வானிலை ஆய்வு மையத்துக்கே தெரியாதது அதற்குத் தெரியும். இப்படித்தான் தனிஸ்லாஸ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் நம்பவில்லை. ஆனாலும் நான்கு வீட்டுக்காரர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ஆட்டாதவர் மேல்மாடியில் தனியாக இருந்த சுப்பிரமணியன் மட்டும்தான். ரிட்டயரான குமாஸ்தா. அவர் சிரித்ததை அவருடைய கல்யாணப் போட்டோகூடப் பார்த்ததில்லை.

"பெட்டிக்கு என்னாய்யா தெரியும், முசியே? அதுக்கு உங்க அளவுக்குத்தான் தெரியும்."

மில்லில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் தனிஸ்லாஸ். மில் மூடிய பிறகு அவரிடம் மிச்சமிருந்த ஒரே பதவி மோட்டார் ரூம் சாவி. அதை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் படியிறங்கும்போது கவர்னர் வருவதுபோல இருக்கும்.

மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் அந்தப் புதுப் பெட்டியில் வாரம் முழுவதற்கும் நேரம் வைக்கலாம். சாதாரண நாளில் இருபது நிமிடம் ஓடினால் போதும். எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மணி நேரம். தொட்டி நிரம்பினால் தானாக நிறுத்தும் மிதவையையும் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, மிதவையெல்லாம் வேலை தெரியாதவனுக்கு, எனக்கு எதற்கு என்று தனிஸ்லாஸ் அனுப்பிவிட்டார்.

பெட்டியில் கிழமைப் பெயர் இல்லை, ஒன்று முதல் ஏழு வரை எண்கள்தான். தனிஸ்லாஸ் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அதனால்தான் எல்லோருக்கும் அவர் 'முசியே', அதாவது ஐயா. அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரும் பிரான்சிலிருந்து மச்சினிச்சி அனுப்பியது. அதில் வாரம் திங்களில் தொடங்கும். ஆகவே ஞாயிறு ஏழு. பெட்டிக்கோ ஞாயிறுதான் ஒன்று.

சனிக்கிழமை மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியது. தொட்டி பொங்கியது. மொட்டைமாடி வடிகாலைப் புறாக்கூடு அடைத்திருந்ததால், சங்கராபரணி ஆறே வழி தவறி மாடிக்கு வந்ததுபோலத் தண்ணீர் நின்று, சுப்பிரமணியனின் கூரை வழியாக இறங்கியது. மறுநாள் மோட்டார் இருபது நிமிடத்தில் நின்றுவிட, பூசைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் சோப்பு நுரையோடு நின்றார்கள்.

பெட்டி ஒரு நாள் முந்துகிறது என்று தனிஸ்லாஸ் கண்டுபிடித்தார். ஏழிலிருந்து ஒன்றைக் கழித்து ஆறாக்கினார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையே பொங்கியது. சுப்பிரமணியனின் கட்டில், மெத்தை, நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்த ரசீதுகள் எல்லாம் நனைந்தன. அவர் சங்கத் தலைவர் கலியபெருமாளிடம் போய், திங்கட்கிழமை கூட்டத்தில் சாவியைப் பிடுங்க வேண்டும், அதற்குள் இன்னொரு முறை ஒழுகினால் வீடியோவே எடுத்துக் காட்டுகிறேன் என்றார். கலியபெருமாளும் சரியென்றுவிட்டார்.

அன்று இரவெல்லாம் தனிஸ்லாஸ் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்திருந்தார். விடிந்ததும் பிள்ளைச்சாவடியில் மனைவி அகஸ்டினாவின் அண்ணன் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. கிளம்பும் அவசரத்தில் பெட்டியிலிருந்த கணக்கு முழுவதையும் அழித்தார். தினமும் கையால் இருபது நிமிடம் போடும்படி கலியபெருமாளிடம் சுவிட்சைக் காட்டினார்.

அழித்தால் பெட்டி சும்மா இருக்காது, கம்பெனியில் வைத்த கணக்குக்குத் திரும்பிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், ஏழு நாளும். குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்ததால் கலியபெருமாள் சுவிட்சுப் பக்கமே போகவில்லை.

இரண்டு நாளும் சுப்பிரமணியனிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. தனிஸ்லாஸுக்குச் சாவு வீட்டிலும் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா அகஸ்டினா, ஒரு புகார் இல்ல. பெட்டி படிஞ்சிடுச்சி."

"எங்க அண்ணன் பெட்டியையே இன்னும் மூடல. உங்க பெட்டிக் கதைய மூடுங்க."

திங்கட்கிழமை காலை திரும்பியபோது மாடிப்படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சுப்பிரமணியனின் கதவு உடைந்து கிடந்தது. கதவுக்கடியில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அப்போதுதான் உடைத்தார்களாம். சனிக்கிழமை மாலை ஸ்டூல் மேல் ஏறி, ஒழுகும் கூரையை வீடியோ எடுத்திருக்கிறார். கலியபெருமாள் அதைப் போட்டுக் காட்டினார். பதினொரு விநாடி. கூரை, சொட்டு, மின்விசிறி, தரை. இடுப்பெலும்பு முறிந்து, போன் கைக்கெட்டாத தூரத்தில் தெறித்து விழ, கூப்பிட ஆளில்லாமல், விழுந்த இடத்திலேயே ஒன்றரை நாள் கிடந்திருக்கிறார்.

கூட்டம் நடக்கவில்லை. யாரும் சாவியைக் கேட்கவுமில்லை. தனிஸ்லாஸ் தானாகவே சாவியை இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு, கலியபெருமாளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்த கையில் இனி இது இருக்கக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கலியபெருமாள் மறுக்கவில்லை.

வார்டில் டாக்டர் குழம்பிப்போயிருந்தார். எழுபத்து மூன்று வயது, சர்க்கரை வேறு, இத்தனை மணி நேரம் தண்ணீர் இல்லாமல் கிடந்தவர் பிழைத்திருக்கவே கூடாது என்றார்.

தனிஸ்லாஸ் சாவியைக் கட்டில் மேல் வைத்தார். சுப்பிரமணியன் அதைப் பார்த்தார், பிறகு கலியபெருமாளைப் பார்த்தார்.

"அவருகிட்டயே குடுங்க. மல்லாக்கக் கெடந்த என் வாயில காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் சொட்டுச்சிய்யா, அந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சிதான் இருக்கு."