வெயிலில் பனி உருக்கிய கதை

புதுச் சாமான் வாங்கிய ஆம்பளைக்குப் பத்து நாளைக்குப் புத்தி வேலை செய்யாது. எனக்குப் பதினோராவது நாளும் வேலை செய்யவில்லை.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் சின்ன அச்சகம் என்னுடையது. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, 'கேம்பிங் வண்டி' என்று பெயர் சூட்டியிருந்தேன். (என் மனைவி மீனா அதை 'சக்கரம் வச்ச குடோன்' என்பாள்.) அந்த வண்டிக்கென்றே ஒரு சாட்டிலைட் நெட் தட்டும் வாங்கினேன். டவர் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும் என்றார்கள். விடுவேனா?

மல்லாங்கிணறு தாண்டி ஒரு தரிசுக் காட்டில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். கிளம்புகிற அன்று மீனாவுக்கு மெயில் வந்தது. மறுநாள் காலை பதினோரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. பட்டாசு ஆலைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் வேலை. மகன் பிறந்ததும் வேலையை விட்டவள், நாலு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தாள்.

"கேம்பிங்க அடுத்த வாரம் வச்சுக்கிடுவோம்ங்க," என்றாள்.

"வானத்துல இருந்தே நெட்ட இறக்குதேன், நீ வந்து உக்காரு போதும்," என்றேன்.

மகனை அக்கா வீட்டில் விட்டோம். மாமனார் கூட வந்தார். முப்பது வருஷம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். இரண்டு வாளி மணலோடு வேனில் ஏறினார். கேம்பிங்குக்கு மணலா என்று சிரித்தேன்.

மறுநாள் காலை தட்டைக் கட்டாந்தரையில் வைத்து, பேட்டரியில் வயரைச் சொருகினேன். போனில் ஒரு படம் வந்தது. சாட்டிலைட்டுகள் வரிசையாக எங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று நகர்ந்தால் அடுத்தது எங்களைப் பிடித்துக்கொண்டது. வெறும் நீல வானம், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அங்கிருந்து யாரோ எங்களுக்குக் கை நீட்டுகிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாமனாரும் அண்ணாந்து பார்த்து, "அம்புட்டு தூரத்துல இருந்தா வருது, மாப்பிள்ளை?" என்றார். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

போனில் தட்டின் செட்டிங்ஸுக்குள் நோண்டினேன். 'பனி உருக்கும் வசதி' என்று ஒன்று அணைந்து கிடந்தது. தட்டு தானே சூடாகி மேலே விழுகிற பனியை உருக்குமாம். வாங்கின மிஷினில் ஒரு வசதி எதற்குச் சும்மா கிடக்க வேண்டும்? போட்டுவிட்டேன். (சித்திரை மாசம். மல்லாங்கிணறு.)

பதினோரு மணிக்கு மீனா வேனுக்குள் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர், கண்ணாடி மாதிரித் தெளிவாக. சூடு அதிகம் என்று என் போன் இரண்டு தடவை எச்சரித்தது. வெயிலைச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் தட்டின் பக்கம் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்து, சுட்டதும் வெடுக்கென்று எடுத்தார். அடுத்த நொடி, "எல்லாரும் வெளிய வாங்க" என்று ஒரு சத்தம். வேனுக்குள் பாய்ந்து, பதில் சொல்லிக்கொண்டிருந்த மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார். அறுபத்தெட்டு வயசு மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானோ தட்டைக் காப்பாற்ற அதை நோக்கி ஓடினேன்.

"ஏலே, சாமானுக்காகச் சாகப் போறியாலே?" என்றார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் என்னை 'ஏலே' என்றது அன்றைக்குத்தான். "கரண்டு சாமான், தண்ணி ஆகாது" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்து, வயரைப் பிடுங்கி, இரண்டு வாளி மணலையும் தட்டின் மேல் கொட்டினார். அதுவரைக்கும் நெட் ஒரு நொடிகூட அறுபடவில்லை; சத்தம் பூராவும் திரையில் இருந்த மூன்று பேருக்கும் போயிருக்கிறது.

தட்டைத் தோண்டி எடுத்து, துடைத்து, குடை பிடித்து ஆறவிட்டு, மறுபடி உயிர் கொடுக்கக் கால் மணி நேரம் ஆனது. மீனா தலையெல்லாம் புழுதியாக உட்கார்ந்திருந்தாள். "நாலு வருஷம்ங்க," என்றாள். பனி உருக்கும் வசதியைப் போட்டதையும் போன் எச்சரித்ததையும் ஒப்புக்கொண்டுவிட்டு, தட்டைத் துடைக்கப் போய்விட்டேன்.

திரை வந்தது. மூன்று பேரும் போகாமல் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா, "யாருக்கும் அடி இல்லையே?" என்று விசாரித்துவிட்டு, "சரி, இப்ப அங்க நடந்ததுல என்னென்ன தப்பு? சொல்லுங்க பார்ப்போம்," என்றார்.

மீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தேவையில்லாத சூட்டை மூட்டியது, எச்சரிக்கையைக் கவனிக்காதது, ஆளை விட்டுவிட்டுச் சாமானை நோக்கி ஓடியது என்று விரல்விட்டு ஏழு தப்பு சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். ஏழும் நான் செய்தவை. என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சாட்டிலைட்டைப் பார்த்ததை விட அதிகமாக வாயைப் பிளந்து அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரமே வேலைக்கு உத்தரவு வந்தது.

இப்போது ஊர் ஊராக வகுப்பு எடுக்கிறாள். போன மாசம் லேபிள் சாம்பிள் காட்ட ஏழாயிரம்பண்ணையில் ஒரு ஆலைக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீகதான டீச்சர் வீட்டுக்காரரு? அந்த எட்டுத் தப்பு?" என்று கேட்டார்.

"ஏழுக்கா," என்றேன்.

"இல்லண்ணே, எட்டு. இம்புட்டும் செஞ்சுபுட்டு அந்த மனுசன் இன்னைக்கு வரைக்கும் ஒரு மன்னிப்புக் கேக்கலன்னு டீச்சர் கடைசியாச் சொல்லுவாக."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மன்னிப்புக் கேட்டேன். மீனா முதலில் என் செருப்பைப் பார்த்தாள். பிறகு, "சரி, நாளைக்கு ஆமத்தூர்ல வகுப்பு. ஏழுன்னே சொல்லிக்கிடுதேன்," என்றாள்.