கைராசியாருக்கு ஒரு வெறும் கண்ணாடி

"அட்டையை எடுத்து உள்ளே வை. மழை வரும் போலிருக்கு."

அன்று காலை கணவர் சொன்னது அவ்வளவுதான். அவள் பல்லில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு தலை முடிந்துகொண்டிருந்தாள். "ம்" என்றாள். அவர் ஓட்டும் டாக்ஸி கிளம்பிப் போன இடத்தில், டிவி வந்த பெட்டியின் அட்டை விரித்துக் கிடந்தது. காரின் வயிற்றிலிருந்து சொட்டும் எண்ணெய் வாசலைக் கெடுக்கக் கூடாதென்று அவர் செய்த ஏற்பாடு. அட்டை ஊறி, எண்ணெய் தரைக்கும் இறங்கி வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் அட்டை போடுவதை அவர் விடவில்லை.

மத்தியானம் மழை வந்தது. அவள் அட்டையை எடுத்து வைத்தாள். அவர் வரவில்லை. மேம்பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. சுவர்தான் பிடித்தது.

அது சாதாரண பிரேக் இல்லை. கைராசியார் தன் கையால் செய்த பிரேக்.

கைராசியாரைத் தெரியாத டிரைவர் அந்த ஊரில் கிடையாது. ஒரு காலத்தில் ரொட்டி சுடும் இடமாக இருந்த கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. வரிசையில் கார், வேன், ஓட்டை லாரி. வாரம் முழுக்க ஒரு வாளித் தண்ணீர் காணாத வண்டியைக்கூட அன்றைக்குத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவருவார்கள். கைராசியார் வெள்ளைச் சட்டையோடு வெளியே வருவார். கிரீஸ் படாத மெக்கானிக்கை உலகத்திலேயே அங்கேதான் பார்க்கலாம். பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். காதை வைப்பார். அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் வண்டியின் எண்ணைக் கேட்பார். கண்ணை மூடுவார். பிறகு, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில் சொல்வார்:

"முன்சக்கரம் ஏங்குது."

கேட்ட டிரைவருக்குக் கண் கலங்கும். தன் மனைவி ஏங்கியபோது கலங்காத கண் அது.

"பெரிய கம்பெனிக்காரன் லட்சம் லட்சமா செஞ்சு தள்றான். அதுல உன் வண்டி எதுன்னு அவனுக்குத் தெரியுமா? நான் ஒரு ஈட்டுக்கு ஏழு ஜோடிதான் செய்வேன். எட்டாவது ஜோடி கேட்டா என் கை ஒத்துக்காது. ஒவ்வொரு ஜோடியும் எந்த வண்டிக்குப் போகணும்னு அதுக்கே தெரியும்."

பித்தளை நிறத்தில் மின்னும் பிரேக் கட்டை, பட்டுத்துணி விரித்த பெட்டிக்குள் இருக்கும். கடையில் விற்கிற விலையைப் போல ஐந்து மடங்கு. யாரும் பேரம் பேசியதில்லை. ஒருமுறை தயவு பார்த்து விலையைப் பாதியாகக் குறைத்தார். கூட்டமும் பாதியானது. 'என்னவோ கோளாறு இருக்கு, அதான் மலிவா தர்றாரு' என்று பேச்சு கிளம்பியது. மறுவாரம் பழைய விலைக்கு மேலேயே ஏற்றினார். கூட்டம் தெருமுனையைத் தாண்டியது. ஏமாற்றுகிறவனுக்கும் ஏமாறுகிறவர்கள்தான் தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அவள் கணவர் முதலில் வாங்கியது எண்ணெய் ஒழுகாமல் இருக்க ஒரு ஆயில் சீல். மாட்டிய பிறகும் ஒழுகியது. போய்க் கேட்டார்.

"ஒழுகட்டும்ப்பா. உள்ள இருக்கற பழைய அழுக்கு வெளிய வருது. வண்டி சுத்தமாவுது" என்றார் கைராசியார்.

கணவர் அதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் சிரித்தாள். "நம்ம வீட்டுக் கூரையும் மழைக்குச் சுத்தமாவுது போல" என்றாள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரங்களுக்கு பிரேக் கட்டை வாங்கி வந்தார்.

துக்கம் கேட்க கைராசியாரும் வந்திருந்தார், அதே வெள்ளைச் சட்டையில். பந்தலில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து, சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்:

"பாவம், முன்னாடிக்கு மட்டும் வாங்கினாரு. பின்சக்கரம் கோவிச்சுக்கிச்சு."

தலைகள் ஆடின. துக்கத்துக்கு வந்தவர்களில் பலர் வீட்டுக்குப் போனார்கள். சிலர் நேரே கொட்டகைக்குப் போய்ப் பின்சக்கரத்துக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். செத்தவரைக் காட்டியே சரக்கு விற்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

காரில் எதுவும் மிஞ்சவில்லை. வண்டி உடைக்கிற இடத்தில் அதை அமுக்கி, ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு ஆக்கி, உருக்க அனுப்பினார்கள். அடையாளத்துக்கென்று எண் பொறித்த தகட்டை மட்டும் வெட்டி அவள் கையில் கொடுத்தார்கள். மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

அத்தோடு விட்டிருப்பாள். அவள் தம்பி விடவில்லை. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். காலையும் மாலையும் வேன் நிறையப் பிள்ளைகள். அதே மேம்பாலம், அதே இறக்கம்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை கைராசியார்கிட்ட போறேன். நாலு சக்கரத்துக்கும் மாத்திடப் போறேன். மாமா பண்ண தப்பை நான் பண்ண மாட்டேன்."

அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"மாமா பண்ண தப்பு எதுடா?"

"முன்னாடிக்கு மட்டும் வாங்கினது."

"இப்ப வேன்ல இருக்கற பிரேக் என்ன, நிக்கலையா?"

"நிக்குது. ஆனா கம்பெனி சரக்குக்கா. மெஷின் போட்டது. இவர் கொஞ்சமா செய்யறாரு. அதுல கவனம் இருக்கும்ல?"

"கொஞ்சமா செஞ்சா கவனமா செஞ்சதுன்னு உனக்கு யாருடா சொன்னது? நீகூடத்தான் வருஷத்துக்கு ஒரு தடவ சமைக்கிற. அதை வாயில வைக்க முடியுதா?"

தம்பி தட்டை வழித்துச் சாப்பிட்டான். கை கழுவும்போது சொன்னான்: "பிள்ளைங்க விஷயம்க்கா. ஒரு நம்பிக்கைக்காகவாவது மாட்டிக்கிறேன்."

அன்று இரவு அவளுக்கு வேனின் ஜன்னல்தான் நினைவில் நின்றது. தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டியபடி, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்.

"சரி, ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்று மறுநாள் சொன்னாள். அக்காவுக்கு நல்ல புத்தி வந்துவிட்டதென்று தம்பிக்குச் சந்தோஷம்.

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். வந்தவரை நாற்காலியில் உட்கார்த்தி, கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற வேலை. சேர்ந்த புதிதில் முதலாளி ஒரு விஷயம் சொல்லியிருந்தார். "நடுவுல ஒரு தடவ வெறும் கண்ணாடியைச் செருகிப் பாரும்மா. அதுல பவரே கிடையாது. சில பேரு அதுக்கும் 'ஆஹா, இப்ப பளிச்சுனு தெரியுது'ம்பாங்க. அவங்க சொல்ற எதையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவ பார்த்துக்க." அவர்கள் பொய்யர்கள் இல்லை. தெளிவாகத் தெரிய வேண்டுமென்று ஆசைப்பட்டு வந்து உட்கார்ந்தவர்கள். ஆசைக்கு வெறும் கண்ணாடியே போதும்.

வாடிக்கையாளருக்குச் செருகலாம் என்றால் வண்டி வைத்தியருக்கும் செருகலாம்.

ஞாயிற்றுக்கிழமை, மேசை இழுப்பறையிலிருந்து எடுத்ததைக் கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வரிசையில் தம்பிக்கு முன்னால் நின்றாள். கைராசியாருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. துக்க வீட்டில் அவர் ஆண்களின் முகத்தை மட்டுமே பார்த்தார். வாங்குகிறவர்கள் அவர்கள்தானே.

"வண்டி எங்கம்மா?"

"கொண்டுவர முடியலைங்க. நம்பர் இருக்கு. போதுங்களா?"

"நம்பர் போதும்மா. நம்பர்தானே வண்டியோட உசிரு."

எண்ணைச் சொன்னாள். தம்பி அவள் முதுகில் இடித்தான். "அக்கா, உனக்கு ஏது வண்டி?" அவள் திரும்பவில்லை.

கைராசியார் கண்ணை மூடினார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. யாரோ தும்ம வந்ததைக்கூட விழுங்கினார்.

"நல்லா உழைக்கிற வண்டி" என்றார். "நேத்துகூட ரொம்ப தூரம் போயிட்டு வந்திருக்கு. களைச்சுப் போய் நிக்குது. ஓட்டறவரு தங்கமானவரு. கொஞ்சம் அவசரக்காரர்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் அவள் கணவரை உயிரோடு இருப்பவராகப் பேசுகிறார். அதுவும் இந்த வாய். பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் நல்லா இருக்காருங்களா?"

"அவருக்கென்ன குறை! ஆனா முன்சக்கரம் ஏங்குது. நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க. போன ஈட்டுல ஒரு ஜோடி யாருக்கும் போகாம அடம்பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பதானே புரியுது, அது உங்க வண்டிக்காகக் காத்திருந்திருக்கு. மாட்டினா இன்னும் பத்து வருஷம் கவலையில்லாம ஓடும்."

பட்டுத்துணிப் பெட்டி திறந்தது. கட்டைகள் மின்னின.

அவள் பையிலிருந்து துணியை எடுத்துப் பிரித்து, தகட்டை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு ஓரம் மடங்கிக் கறுத்திருந்தது. எண் மட்டும் தெளிவாக இருந்தது. கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரிகிற அளவுக்கு.

"வண்டி இவ்வளவுதாங்க மிச்சம். மாட்டுங்க."

கைராசியார் எண்ணைப் பார்த்தார். அப்போதுதான் அவள் முகத்தையும் பார்த்தார்.

"முந்தின ஒரு ஈட்டுல இதே வண்டிக்கு ஒரு ஜோடி குடுத்தீங்க" என்றாள். "ஓட்டினவரைப் புதைச்சாச்சு. வண்டியை உருக்கியாச்சு. நேத்து எங்கங்க போயிட்டு வந்துச்சு?"

கைராசியார் அவ்வளவு லேசுப்பட்ட ஆள் இல்லை. உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்து, "உருக்கின இரும்பு வேற வண்டியாப் பிறந்திருக்கும்மா. அது நேத்து ஓடிச்சு" என்றார்.

நம்பினால் நம்புங்கள், இரண்டு மூன்று தலைகள் அதற்கும் ஆடின.

அப்போது பின்னாலிருந்து ஒரு பழக்கடைக்காரர் குரல் கொடுத்தார். "ஒரு நிமிஷம் சாமி. எனக்கும் பத்து வருஷம்னுதான் சொன்னீங்க."

"எனக்கும் அதேதான்யா."

"எனக்கும் ஓட்டறவர் அவசரக்காரர்னாரு! எங்க வண்டியை ஓட்டறது என் மாமனார். அவரு ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள எனக்குத் தாடி வளந்துடும். அவரா அவசரக்காரர்?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்த இடத்தில் பக்தி நிற்காது. வரிசை கலைந்து வட்டமானது.

தம்பி பெட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்தான். வேன் சாவியால் ஓரத்தைச் சுரண்டினான். பித்தளை நிறம் உரிந்து வந்தது. வெறும் ஸ்ப்ரே பெயிண்ட். அதற்கடியில் துரு. சாவி நுனியைச் செருகி நெம்பினான். சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய அந்தக் கறுப்புப் பட்டை, இரும்புத் தகட்டை விட்டு முழுசாகப் பெயர்ந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. காய்ந்த பசை நூல் நூலாக நின்றது.

"அக்கா" என்றான். "நாளைக்கு இதோட பிள்ளைங்களை ஏத்தியிருப்பேன்கா."

பழக்கடைக்காரர் கொட்டகையின் உள்திரையை விலக்கினார். எல்லோரும் பார்த்தார்கள். மற்ற பட்டறைகள் தேய்ந்துபோனதென்று தூக்கியெறிந்த பழைய பிரேக் கட்டைகள் மூட்டை மூட்டையாக இருந்தன. பக்கத்தில் பசை வாளி, பெயிண்ட் டப்பா. மூலையில் பழைய ரொட்டி அடுப்பு. பசை காய்வதற்காக அதற்குள் ஒரு தட்டு வைத்திருந்தது. தட்டில் கட்டைகள் நெருக்கியடித்து அடுக்கியிருந்தன.

ஏழு ஜோடி. எட்டாவதற்கு இடமில்லை. கைராசியாரின் கை ஒத்துக்கொள்ளாத ரகசியம், ரொட்டித் தட்டின் அகலம்.

கைராசியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை பின்வாசல் வழியாகப் போயிருந்தது. அவசரக்காரர். தெருக்கோடியில் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். வழக்கு நடக்கிறது. கூட்டத்தில் சிலர் இன்னும் அவள்மேல் கோபமாக இருக்கிறார்கள். பணம் போனதற்காக இல்லை, நம்பிக்கை போனதற்காக.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனை ஓட்டியபடி தம்பி கேட்டான்.

"அப்போ கொஞ்சமா செய்யறவன் எல்லாருமே திருடன்தானா?"

"யாருடா அப்படிச் சொன்னது? கம்பெனியே செய்யறதை நிறுத்திட்ட பழைய மாடலுக்குப் பத்து உருப்படி செஞ்சு, அதுல ஒண்ணை உன் கண்ணு முன்னாடியே சுத்தியால அடிச்சுக் காட்டறவன் இருந்தா, அவன் கேக்கற விலையைக் குடு. அது உழைப்புக்கு விலை. எதால செஞ்சது, யார் சோதிச்சது, கெட்டுப்போனா திருப்பி எடுத்துப்பியான்னு கேளு. பதில் சொன்னா வாங்கு. கேட்டதுக்கு அவன் கண்ணை மூடினான்னா, நீ உன் கண்ணைத் திற."

மேம்பாலத்து இறக்கம் வந்தது. தம்பி கம்பெனி பிரேக்கை மிதித்தான். வேன் நின்றது. ஏங்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டிய ஒரு சாமான், தன் வேலையைச் செய்தது.

இப்போது அதே தெருவில், பக்கத்துக் கொட்டகையில், வேறொருவர் என்ஜினுக்கு எண்ணெய் விற்கிறாராம். ஒரு தடவைக்கு ஒன்பது பாட்டில்தான் காய்ச்சுவாராம். வரிசை நிற்கிறதாம். போகிறவர்கள் போகலாம். போகுமுன் உள்ளே எட்டிப் பார்த்து, அவர் வீட்டுப் பாத்திரம் எத்தனை பாட்டில் கொள்ளும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அவள் வாசலில் இப்போது எந்த வண்டியும் நிற்பதில்லை. அட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. சோப்பு, மண்ணெண்ணெய், கம்பி பிரஷ் எல்லாம் போட்டுத் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ மழையும் பெய்துவிட்டது.

எண்ணெய்க் கறை அப்படியேதான் இருக்கிறது.