நெருப்புக்கு ஒரு செங்குட்டுவன்

"இன்னாடா குமாரு, சன்னல் மாறி ஒரு கட்டம் போட்டு, அதுங்கீழ என் பேர எழுதி வெச்சிகீற?"

மீன் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலேயே கோவிந்தம்மா கேட்டாள். குமாரவேலின் வீட்டுச் சுவர் முழுக்க, கிழித்த தினசரிக் காலண்டர் தாள்கள் திருப்பி ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு தாளிலும் ஒரு ஜப்பானிய எழுத்து, அதன் கீழே அந்தக் குடியிருப்பில் வசிக்கும் யாராவது ஒருவரின் பெயர்.

"அது ஜப்பான் எழுத்துக்கா. வாய்னு அர்த்தம்."

"வாயிக்கு எதுக்குடா என் பேரு?"

குமாரவேல் மனைவி பூமாரியைப் பார்த்தான். அவள் அவசரமாக அடுப்பைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். திருவொற்றியூரில் அவன் ஹெல்ப்பராக இருக்கும் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெரிய பிரஸ் மெஷின் வந்து இறங்கியிருந்தது. அதோடு மொரிமோட்டோ என்ற இன்ஜினியரும் வந்திருந்தார். இரண்டு வருஷம் இங்கேதான் இருப்பாராம். முதல் பாடமாக அவர் கொடுத்த முப்பது ஜப்பானிய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரை அவரே தேர்ந்தெடுத்து ஆறு மாதம் ஜப்பானுக்கு அனுப்புவார். திரும்பி வந்தால் ஆபரேட்டர். பதினாறு வருஷமாக ஹெல்ப்பராகவே கிடக்கும் குமாரவேல் அன்றே மார்க்கர் வாங்கிவிட்டான்.

எழுத்தைப் படமாகப் பார், தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போடு என்று செல்போன் வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். குமாரவேலுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று மாடிக் குடியிருப்புதான். கால் இரண்டையும் அகட்டி, கை இரண்டையும் தூக்கி நிற்கும் எழுத்து நெருப்பு. தண்ணீர் மோட்டார் நின்றால் மூன்றாம் மாடி செங்குட்டுவன் அப்படித்தான் நின்று கத்துவான். இப்படியே ஆளுக்கொன்று.

படிக்கப் படிக்க ஆச்சரியம் தாங்கவில்லை. மீன் என்ற எழுத்தை வரைந்தபோது ராத்திரிச் சாப்பாட்டையே மறந்தான்.

"பூமாரி, மீனுக்கு அடியில நாலு காலு போட்டுகீறானுங்கோ. எங்க நைனா நாப்பது வருசம் கடலுக்குப் போனாரு, ஒரு மீனுக்கும் காலு பார்த்ததில்ல."

"அவங்க கடல்ல எப்டியோ. நீ இந்த மீன துன்னு."

இப்போது கோவிந்தம்மா நகர்வதாக இல்லை. சமாதானத்துக்காக அவளுக்கு மலையைக் கொடுத்தான்.

"குண்டுன்றியா?"

கடைசியில் 'தங்கம்' என்ற எழுத்தைக் கொடுத்த பிறகுதான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போனவள் சும்மா போகவில்லை. தான் தங்கம் என்று மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே வாசலில் வரிசை. 'குப்பை'யாக இருந்தவர் 'ராஜா' கேட்டார். 'குதிரை'யாக இருந்தவள் அழுதாள். எல்லாருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்ததில், குமாரவேல் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

பிசகாமல் மிச்சமிருந்தது நெருப்பு ஒன்றுதான். அந்த நெருப்பும் மறுநாள் காலை ஒரு டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது.

"எங்க மாமு?"

"மணலி புதுநகர்ல வூடு பார்த்துட்டேன் மாமு. அங்க மோட்டார் பேஜாரு இல்ல."

குமாரவேல் விரல் விட்டு எண்ணினான். தேர்வுக்கு இன்னும் பத்து நாள். கண்ணில் படாத செங்குட்டுவன் மனதில் எத்தனை நாள் எரிவான்? ஓடிப்போய்ச் சுவரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தான். தேதியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு முன்பக்கத்தை நீட்டினான்.

"மரண யோகம் போட்டுகீது, பாரு. இன்னிக்கி வூடு மாறுவாங்களா? பத்து நாளு கழிச்சிப் போ."

அது போன மாதத்துத் தாள். செங்குட்டுவன் மனைவி அந்த இரண்டு வார்த்தையைப் படித்ததும் டெம்போவிலிருந்து குக்கரை இறக்கினாள்.

ஆனால் இறக்கிய மூட்டைகளை யாரும் பிரிக்கவில்லை. பத்து நாளைக்காக எதற்குப் பிரிப்பது? அடுப்பு மூட்டைக்குள் இருந்ததால், செங்குட்டுவன் குடும்பம் ஐந்து பேரும் மூன்று வேளையும் குமாரவேல் வீட்டில் சாப்பிட்டார்கள்.

"ஒரு எழுத்துக்கு அஞ்சு எல போடுறேன்" என்றாள் பூமாரி. "முப்பது எழுத்தும் வூடு மாறுனா இன்னாய்யா பண்ணுவே?"

வீட்டில்தான் இந்தப் பாடு. தொழிற்சாலையில் நல்ல சகுனம் தெரிந்தது. டீ நேரத்தில் குமாரவேல் கவிழ்த்த டிரம்மின் மேல், ஒரு காலை மடித்து, வயிற்றை முன்னால் தள்ளி, டம்ளரை மூக்கருகே பிடித்தபடி உட்கார்ந்து எழுத்துகளை முணுமுணுப்பான். எதிர் பெஞ்சிலிருந்து மொரிமோட்டோ அவனையே உற்றுப் பார்த்து, ஒரு குட்டி நோட்டில் ஏதோ குறித்துக்கொள்வார்.

"மார்க் போடுறாரு" என்று வீட்டில் சொன்னான்.

தேர்வு அன்று முப்பது அட்டை. தங்கத்தைக் கண்டதும் கோவிந்தம்மா வளையலை ஆட்டினாள். நெருப்பைக் கண்டதும் செங்குட்டுவன் கை தூக்கினான். முப்பதுக்கு முப்பது. ஸ்டோர் ரவிக்குமாருக்குப் பதினொன்றுதான் வந்தது; மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

மொரிமோட்டோ எழுந்து நின்று குனிந்து வணங்கினார். மொழிபெயர்க்க வந்த நவ்ரீன், "எப்படி ஞாபகம் வச்சீங்கன்னு கேக்குறார்" என்றாள்.

குமாரவேல் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னான். மரண யோகத்தையும் விடவில்லை.

"ஆளு கண்ணு முன்னாடியே இருக்கணும் மேடம். ஆளு போய்ட்டா எழுத்தும் போய்டும். அதான் மாமுவ நகர வுடல."

நவ்ரீன் மொழிபெயர்த்தாள். மொரிமோட்டோ யோசனையோடு தலையாட்டி, அதையும் குட்டி நோட்டில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரே ஒரு பெயர் இருந்தது. ரவிக்குமார்.

குமாரவேல் மூன்று முறை படித்தான். தமிழில்தான் எழுதியிருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. டீ போடும் வேம்பு அக்காவிடம் போய் டிரம்மின் மேல் உட்கார்ந்தான். ஒரு கால் தானாக மடிந்தது.

"முப்பதும் சொன்னேனேக்கா. பதினொண்ணு சொன்னவன் போறான். இது இன்னா நியாயம்?"

வேம்பு டம்ளரை அவன் கையில் வைத்துவிட்டு எதிர் பெஞ்சைப் பார்த்தாள். மொரிமோட்டோ நோட்டைத் திறந்து, அவனையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"அவரும் படம் போட்டுதான் தமிழ் படிச்சிகினுகீறாரு குமாரு. நீதான் அவருக்கு 'ஞ'. நீ ஜப்பான் போய்ட்டா மறந்துடுமாம்."